பால்மலரும் அதைப் பகிர்ந்தோரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



மார்கழியும் தையும் இங்கிலாந்தில் தோட்டம் உறங்கும் மாதங்கள். மரங்கள் இலையின்றி நிற்கும். பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருள் கவியத் தொடங்கும். மண் சில நாள் கல்லாய் இறுகிக் கிடக்கும். அம்மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு சாண் உயரமே உள்ள செடியொன்று எழுகிறது. அதன் இலைநுனி சற்றே தடித்து இறுகியிருப்பது இதற்கெனவே அமைந்தது போலும். தலைகவிழ்ந்த ஒற்றை வெண்பூ. வெளியே மூன்று நீண்ட இதழ்கள், உள்ளே மூன்று குற்றிதழ்கள், அவற்றின் நுனியில் பச்சை மை தொட்டாற்போன்ற ஒரு குறி. ஸ்னோட்ராப் என்பது அதன் ஆங்கிலப் பெயர். 1753இல் லின்னேயஸ் அதற்குக் 'கலாந்தஸ் நிவாலிஸ்' எனப் பெயரிட்டார். கலாந்தஸ் என்பதன் கிரேக்க வேர்களைக் கொண்டு அதைப் பால்மலர் எனலாம். நிவாலிஸ் என்பது பனிக்குரியது. கடுங்குளிர் இரவில் இச்செடி துவண்டு தரையில் சாய்ந்துவிடும். மடிந்துவிட்டது என்றே புதியவர் எண்ணுவர். பனி இளகியதும் மீண்டும் நிமிர்ந்து நிற்கும்.

மண்ணுக்கடியில் இருப்பது சின்ன வெங்காயம் போன்றதொரு குமிழ். ஆனால் உண்ணத்தகாத நஞ்சு. மரங்கள் தளிர்த்து நிழல் பரப்புமுன் கிடைக்கும் வெயிலைக் கொண்டே ஆண்டு முழுமைக்குமான உணவை அது சேர்த்துக்கொள்கிறது. கோடையில் இலை மறைந்து உறங்குகிறது. இலையுதிர் காலத்தில் வேர்விடுகிறது. கடைகளில் விற்கும் உலர்ந்த குமிழ் பெரும்பாலும் ஏமாற்றமே தரும். ஆகவே, பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தைத் தோண்டிப் பிரித்து உடனே நடுவது தோட்டக்காரர் பலர் கைக்கொள்ளும் முறை. அதாவது, இச்செடி கடையைவிட அண்டை வீட்டு வேலிக்கு மேலாகவே நன்றாகப் பயணம் செய்கிறது.

இயற்கையில் உள்ள இனங்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே. பெயரிடப்பட்ட தோட்ட வகைகளோ ஆயிரத்துக்கும் மேல். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு, உள்ளிதழின் குறி ஒன்றா இரண்டா, பச்சையா மஞ்சளா, காம்பு நீளமா குறுகலா என்ற அளவிலேயே இருக்கும். ஈரத்தரையில் முழந்தாளிட்டு, பூவை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்து வழக்காடும் இவ்வார்வலரைக் கண்டு நகைப்போர் உண்டு. ஓர் அசையின் மிகையையும் குறையையும் பற்றி இரவு முழுதும் வாதிட்டுப் பழகிய இந்த அவையினர் நகைக்கமாட்டார்கள்.

இவ்வார்வலர் வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர் ஷெப்டன் மாலட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஆலன். ஸ்னோட்ராப் வகைகளைத் திட்டமிட்டு மகரந்தம் மாற்றிப் புது வகைகளை ஈன்றெடுத்தவர்களுள் முன்னோடி அவர். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அவர் தோட்டத்தில் இருந்தன. 1891இல் இலண்டனில் அரச தோட்டக்கலைக் கழகம் இம்மலருக்கென்றே கூட்டிய மாநாட்டில் அவர் உரை படித்தார். அதன்பின் வந்தது அழிவு. சாம்பல் நிறப் பூஞ்சை நோய் ஒருபுறம். முளைக்கும்போதே இலையைப் போர்த்துக் குமிழை அழுகவைப்பது அது. குமிழின் நடுவைக் குடைந்து தின்னும் ஒருவகை ஈயின் புழு மறுபுறம். வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றுள் பெரும்பகுதியைத் தம் கண்முன்னே அவர் இழந்தார். 1906இல் மறைந்தார்.

ஆயினும் ஆலனின் 'மேக்னட்', 'மெர்லின்' என்னும் வகைகள் இன்றும் இங்கிலாந்தின் தோட்டங்களில் பூக்கின்றன. நீண்டு மெலிந்த காம்பில் தொங்கி, சிறு காற்றுக்கும் ஊசலாடுவது மேக்னட். மெர்லினின் உள்ளிதழ் முழுதும் பச்சை. பிறர் தோட்டங்களில் வேரூன்றியவற்றை அவருடைய தோட்டத்து நோய் தொடவில்லை. காவல், மருந்து, வேலி ஆகிய எதையும்விடக் கொடையே ஒரு செடிக்கு உறுதியான காப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கையெழுத்துப் படியை ஒரே பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் கவிஞர் யாரேனும் இங்கிருப்பின் அவர்க்கும் இது பொருந்தும்.

எட்வர்ட் அகஸ்டஸ் போல்ஸ் (1865–1954) மற்றொருவர். சமயப் பணிக்கெனக் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1887இல் உடன்பிறந்தார் இருவர் காசநோய்க்கு இரையானபின், என்ஃபீல்டில் உள்ள மிடில்டன் மாளிகைக்குத் திரும்பி, வாழ்நாள் இறுதிவரை அத்தோட்டத்திலேயே தங்கிவிட்டார். தோட்டக்கலையில் முறையான பயிற்சி எதுவும் அவர் பெற்றதில்லை. தாமே கற்றார், தாமே வரைந்தார். இயல்பு திரிந்து வளரும் செடிகளுக்கென ஒரு பாத்தி ஒதுக்கி, அதற்குப் 'பைத்தியக்கார விடுதி' எனப் பெயரிட்ட குறும்பும் அவரிடம் உண்டு. குரோக்கஸ் பற்றியும் நார்சிசஸ் பற்றியும் அவர் எழுதிய கைந்நூல்கள் புகழ்பெற்றவை. ஸ்னோட்ராப் வகைகளைப் பற்றி அவர் எழுதிய இயல் மட்டும் அவர் மறைந்தபின், 1956இல், சர் ஃபிரெடரிக் ஸ்டெர்னின் நூலுள் வெளிவந்தது.

'எஸ். ஆர்நாட்' என்ற வகையின் பயணமும் சுவையானது. ஸ்காட்லாந்தின் டம்ஃபிரீஸ் பகுதியில் வாழ்ந்த சாமுவேல் ஆர்நாட் இதைக் கோல்ஸ்போர்னில் இருந்த ஹென்றி எல்விஸுக்கு அனுப்பினார். எல்விஸ் 1874இல் ஸ்மிர்னா அருகே கண்ட பெரிய இனம்தான் அவர் பெயரால் 'எல்விஸியை' என வழங்குகிறது. ஆர்நாட்டின் செடி அங்கிருந்து வால்டர் பட் என்பவரின் தோட்டத்துக்குச் சென்று பெருகியது. அவ்வீட்டுக்குப் பின்னர் வந்த மாத்தயஸ் தம்பதியர் 1950களிலும் 60களிலும் அதை அஞ்சல்வழி விற்று நாடெங்கும் பரப்பினர். தேன் மணம் கமழும் அவ்வகை இன்று எளிய விலைக்குக் கிடைக்கிறது.

புது வகைகளின் நிலை வேறு. மஞ்சள் குறியுள்ள 'கோல்டன் ஃபிளீஸ்' வகையின் ஒரே குமிழ் 2015இல் இணைய ஏலத்தில் 1,390 பவுனுக்குப் போயிற்று; 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுன். விலையோடு திருட்டும் வந்தது. அரிய வகை நிற்குமிடத்தில் பெயர்ப்பலகை வைக்கத் தயங்குவோர் உளர். பெயரை மறைத்து வளர்க்கப்படும் பூவைப் பார்ப்பதில் என்ன இன்பமோ! துருக்கியின் மலைகளிலோ வேறொரு துயரம்: இலட்சக்கணக்கான காட்டுக் குமிழ்கள் மலிவு விலைக்குத் தோண்டப்பட்டன. 1990இல் கலாந்தஸ் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்பாட்டின்கீழ் வந்தபின்பே அதற்கு வரம்பு ஏற்பட்டது. இக்குடும்பச் செடிகளில் உள்ள கலாண்டமின் என்னும் பொருள், 2001இல் அமெரிக்காவில் மறதிநோய்க்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது.

அரிய குமிழைப் பெருக்க இன்றைய ஆர்வலர் கையாள்வது துண்டுமுறை. கோடை உறக்கத்தில் இருக்கும் குமிழை எடுத்து, தூய கத்தியால் நெடுக்காகப் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் ஈரடுக்குத் தோலும் அடித்தட்டின் ஒரு சிறு பகுதியும் இருக்குமாறு பிரிப்பார்கள். பூஞ்சை மருந்தில் நனைத்து, ஈரமான வெர்மிகுலைட்டுடன் பையிலிட்டு, மிதமான வெப்பத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் இருட்டில் வைத்தால், இரு தோல்களுக்கு இடையே அரிசியளவில் சிறு குமிழ் அரும்பும். ஒன்றிலிருந்து இருபது, முப்பது கிடைக்கலாம். கத்தி தவறினால் இருந்த ஒன்றும் போகலாம். தப்பியவை பூப்பதற்கு இன்னும் மூன்று நான்கு பனிக்காலம் காத்திருக்கவேண்டும்.