குடியை விட ஒரு கூட்டம்

1935-ஆம் ஆண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த பில் என்பவர் தொழில் விஷயமாக ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரத்துக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் கைகூடவில்லை. தங்கிய விடுதியின் மதுக்கூடம் 'வா வா' என்கிறது. அவரோ தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலவே குடியோடு போராடும் இன்னொருவரைத் தேடினார். கிடைத்தவர் பாப் என்ற அறுவை மருத்துவர். கொஞ்ச நேரம் பேச உட்கார்ந்தவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். அதில் முளைத்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சுருக்கமாக, ஏ.ஏ.

இன்று தமிழ்நாட்டிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப்பெயரைச் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே தகுதி. முதல் நாள் வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வரலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அறிவுரை கேட்டுச் சலித்த மனசு, தன்னைப் போன்றவரின் அனுபவத்தைக் கேட்கும்போது அசைகிறது. இதன் பலமே அதுதான் என்பேன். குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்று தனிக் கூட்டம் உண்டு.

ஒன்று முக்கியம். பல காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஆகவே முதலில் மருத்துவரைப் பாருங்கள். பக்கத்தில் கூட்டம் எங்கே என்று குடிபோதை மறுவாழ்வு மையத்தில் விசாரியுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால், திட்டாமல், கூடவே போய் வாசல் வரை விட்டுவிட்டு வாருங்கள்.