சேஷாசல மலையின் காட்டுத் துவரை

திருப்பதியைச் சூழ்ந்துள்ள சேஷாசல மலைத்தொடர் செம்மரத்தால் பெயர் பெற்றது. செம்மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அரியதொரு புதர்ச் செடியும் அங்கு வளர்கின்றது. தெலுங்கில் அதனை ‘அடவி கந்தி’, அதாவது காட்டுத் துவரை, என்பர். வயல்களில் பயிராகும் துவரைக்கு அது நெருங்கிய உறவாகும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிக்கே அது உரியது.

மலைவாழ் மக்கள் இச்செடியின் இலையை வெட்டுக் காயம், கட்டி ஆகியவற்றுக்கு மருந்தாகக் கொண்டனர். அறிவியல் உலகம் அதனை அறிந்தது பின்னரே. 1860 முதல் சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக விளங்கிய பெடோம், தென்னாட்டுத் தாவரங்களைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர். கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த பேக்கர், ஹூக்கர் பதிப்பித்த இந்தியத் தாவரத் தொகுதியின் இரண்டாம் மடலில் இச்செடியை 1876-இல் விவரித்து, பெடோமின் நினைவாக ‘ரிங்கோசியா பெடோமி’ எனப் பெயரிட்டார்.

பெயர் கிடைத்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அதன் வேதியியல் தெளிவு பெறலாயிற்று. 1954-இல் திருப்பதியில் நிறுவப்பெற்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் ஆதிநாராயணா, குணசேகர் ஆகியோர், மியூனிக் நகர் அறிஞர்களான செலிக்மன், வாக்னர் ஆகியோருடன் இணைந்து, இச்செடியினின்று புதியதொரு பிளேவனால் பொருளைப் பிரித்தெடுத்து 1980-இல் வெளியிட்டனர். அதற்கு ‘ரிங்கோசின்’ என்று பெயர். பெரும்பாலான பிளேவனால்களில் ஐந்தாம் கரியணுவோடு ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இணைந்திருக்கும். இதில் அஃது இல்லை. இத்தகைய அமைப்பு அவரைக் குடும்பத்திற்குரிய சிறப்பியல்புகளுள் ஒன்று. பின்னர் அனந்தபுரம் ஸ்ரீ கிருஷ்ணதேவராயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இச்செடியின் நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றலை ஆராய்ந்தனர்.

ஆயினும், ஆய்வு ஒவ்வொன்றும் மலையிலிருந்து செடியைப் பறித்தே தொடங்குகின்றது. குறுகிய பரப்பில் மட்டும் வாழும் செடிக்கு மருத்துவப் புகழே கேடாக முடியலாம். காட்டுத் தீயும் மேய்ச்சலும் கூடினால் இழப்பு மேலும் பெருகும். சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனினும் எல்லை வகுப்பது மட்டும் போதாது. விதை சேகரித்தலும், நாற்றங்காலில் வளர்த்தலும், மீண்டும் மலையில் நடுதலும் உடன் நிகழ வேண்டும்.

மற்றொரு கடமையும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், உள்ளாட்சி அளவில் மேலாண்மைக் குழுக்கள் அமைத்து, மக்கள் அறிவைப் பதிவேட்டில் பொறிக்க வழி செய்கின்றது. பயனில் பங்களிக்கவும் இடந்தருகின்றது. ஹூக்கரின் மடலில் பெடோமின் பெயர் நிலைத்தது; இலையின் குணத்தை முதலில் கண்டவர்களின் பெயர் எங்கும் இல்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஊர்ப் பதிவேடுகளிலேனும் அவர்தம் அறிவு உரிய இடம் பெறுதல் வேண்டும்.