எந்தக் கருவிக்கு எதிர்காலம் உண்டு?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகள் கல்விப் பணியாற்றிய நமது கழகத்தின் விழாவில், கடந்த காலப் பெருமையை மட்டும் பேசிவிட்டு நாம் கலைந்துவிடலாகாது. கணிப்பொறி பயிலும் நம் இளைஞர்கள் சிலர் அண்மையில் ஒரு வினா எழுப்பினர். ‘வெப் காம்போனென்ட்ஸ்’ என்னும் வலைத்தளத் தொழில்நுட்பத்திற்கு எதிர்காலம் உண்டா? அதைக் கற்பதில் காலத்தைச் செலவிடலாமா?

இது சிறிய வினா அன்று. வசதி படைத்த இல்லத்துப் பிள்ளை ஓராண்டைத் தவறாகச் செலவிட்டால், மற்றோர் ஆண்டு அப்பிள்ளைக்குக் காத்திருக்கும். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பிப் பழம் பறிக்கும் தாய், காதணியை அடகு வைத்துக் கட்டிய பணத்தில் படிக்கும் நம் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, விளம்பரத்தை நம்பாமல் நாமே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

வலைப்பக்கத்தில் பொத்தான், பட்டியல், விண்ணப்பப் படிவம் எனப் பல உறுப்புகள் உள்ளன. கதவு சன்னல்களை முன்னரே செய்து வைத்துப் பல வீடுகளுக்குப் பொருத்துவதுபோல, இவ்வுறுப்புகளையும் ஒருமுறை செய்து பல பக்கங்களில் பொருத்துகின்றனர். கூகுள் நிறுவனம் 2010இல் அளித்த ஆங்குலர்ஜேஎஸ், ஃபேஸ்புக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ரியாக்ட் முதலியன இதற்குப் பயன்படுவன. ஆயின், ஒன்றின் முறையில் செய்த கதவு மற்றொன்றின் நிலையில் பொருந்தாது. எல்லா வீட்டிற்கும் பொருந்தும் கதவை உலாவியே அறிந்துகொள்ளச் செய்யும் பொதுவிதிதான் வெப் காம்போனென்ட்ஸ்.

2011இல் முன்வைக்கப்பட்ட இதன் வரலாறு தடையின்றிச் செல்லவில்லை. தொடக்கத்தில் இதனோடு சேர்ந்திருந்த ‘எச்.டி.எம்.எல். இம்போர்ட்ஸ்’ என்னும் பகுதியை ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்வோர் ஏற்க மறுத்தனர், அப்பகுதி கைவிடப்பட்டது. புதிய குறிச்சொற்களை உருவாக்கும் விதியும் திருத்தி எழுதப்பட்டது. பழைய விதியைக் குரோம் உலாவி 2020இல் நீக்கியபோது, அதை மட்டும் நம்பிக் கட்டியோர் மீண்டும் கட்ட நேர்ந்தது. ‘இது மடிந்துவிட்டது’ என்று கூறியோரும் உளர். ஆனால் திருத்திய விதியைக் குரோம் 2016இலும், சஃபாரி 2017இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2018இலும், எட்ஜ் 2020இலும் ஏற்றுக்கொண்டன. ரியாக்ட்டும் 2024இல் வந்த தன் 19ஆம் பதிப்பில் இவ்வுறுப்புகளுக்கு முழு இடம் அளித்தது.

இனி மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஃபிளாஷ் பல வலைத்தளங்களில் பயன்பட்டது. அதை உடைமையாகக் கொண்ட அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதற்கான ஆதரவை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2007இல் கொணர்ந்த சில்வர்லைட் 2021இல் முடிவுற்றது. ஆங்குலர்ஜேஎஸ்ஸின் ஆதரவும் 2021இன் இறுதியோடு நின்றது. எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பது மட்டும் எதிர்காலத்திற்கு அளவுகோல் ஆகாது. நம் கோடைக்கானல் மலைப் புல்வெளிகளில், தோல் பதனிட உதவும் பட்டைக்காக வாட்டில் மரங்களை நட்டனர். மலையெங்கும் அவை பரவி நிற்கின்றன. ஆயினும் இன்று அவற்றை அகற்றிப் புல்வெளியை மீட்பதெப்படி என்பதே பேச்சாக உள்ளது.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. இணையத்தில் தமிழ் நுழைந்த காலத்தில் இதழுக்கோர் எழுத்துரு, நிறுவனத்திற்கோர் குறியீடு என்றிருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ குறியீடுகளை ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர் பலர் ‘திஸ்கி’யைக் கையாண்டனர். இறுதியில் உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு நிலைத்தது. அரசும் 2010இல் அதனை ஏற்றது. குறியீடு மாறியபோது தமிழ் அறிந்தோர் தமிழை மீண்டும் கற்கவில்லை; தட்டச்சுப் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டனர். இதனை இளைஞர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பொதுவழியின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்? தோட்டத்தின் ஊடே செல்லும் பாதைக்குக் கதவு உண்டு. சாவி உடையவரிடம் இருக்கும். அவர் பூட்டினால் நாம் சுற்றிச் செல்ல வேண்டும். பொதுச் சாலையும் கிணறும் நம் மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அவ்வழி வந்த நாம், தொழில்நுட்பத்திலும் எது பொதுவழி, எது தனியார் வழி என்று கேட்டறிதல் வேண்டும்.

ஆகவே எந்தக் கருவி வந்தாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். அதன் விதி ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளதா? ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களும் அதை ஏற்றுள்ளனவா? அதைக் கொண்டு முன்பு செய்தவை இன்றும் இயங்குகின்றனவா? டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வெளியிட்ட முதல் வலைப்பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கிறது. பொதுவிதியின் வலிமை அத்தகையது.

இவ்வினாக்களை வைத்துப் பார்த்தால், வெப் காம்போனென்ட்ஸுக்கு எதிர்காலம் உண்டு என்பதே நம் முடிவு. ஆனால் எதிர்காலம் இருப்பது வேறு; நாளை வேலை கிடைப்பது வேறு. வேலை விளம்பரங்களில் ரியாக்ட், ஆங்குலர் என்னும் பெயர்களையே மிகுதியாகக் காண்கிறோம். எனவே முதலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் ஐயமறக் கற்க வேண்டும். அடுத்து, வேலையின் பொருட்டு ரியாக்ட் போன்ற ஒன்றைக் கற்கலாம். அதன்பின் வெப் காம்போனென்ட்ஸைக் கற்பது எளிது. முதல் மூன்றில் தேர்ந்தவர்க்கு அது புதிய மொழி அன்று. இந்த வரிசையில் கற்றவரின் ஒரு கருவி வீழ்ந்தாலும் அவர் வீழமாட்டார்.

ஒரு கருவியின் பெயரை மட்டும் சொல்லி, சில மாதங்களில் வேலை என்று கட்டணம் கேட்போரிடம், ‘அடிப்படையை எத்தனை நாள் கற்பிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். விடையில் தயக்கம் கண்டால் அடகு வைக்காமல் திரும்பிவிடுங்கள். விதிகளும் விளக்கங்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதே நம் இடர்ப்பாடு. வேலையில் அமர்ந்துவிட்ட நம் பிள்ளைகள், விடுமுறையில் மலைக்கு வரும்போது இளையோர்க்குத் தமிழில் எடுத்துரைத்தால் அவ்விடர் நீங்கும். கழகம் அதற்கோர் அறையும் சில கணிப்பொறிகளும் ஏற்பாடு செய்தல், இவ்வெள்ளி விழாவிற்குத் தக்க நினைவாக அமையும்.

இவ்விதிகளை வகுக்கும் விவாதங்கள் எவரும் காணுமாறு வெளிப்படையாகவே நடைபெறுகின்றன. நம் பிள்ளைகள் ஒருநாள் அவற்றிலும் பங்குகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தோடு முடிக்கிறோம்.