உஸ் என்ற சத்தம் எங்கிருந்து?



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற ஒரு டீசல் காரை நினைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பர்லியாறு தாண்டி, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. சற்று நேரத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரிகிறது. கீழே கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தினால், ஐடிலிங்கில் சமர்த்தாக ஓடுகிறது. "டர்போ போயிடுச்சு சார், மாத்திரணும்" என்று சொல்வது மெக்கானிக்குக்குச் சுலபம். கேட்பவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். அப்படிச் சொல்லிவிடாமல், அமுக்கின காற்று எந்த வழியாக வெளியே போகிறது என்று தேடிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் ஒரு சக்கரம் சுற்றுகிறது. சின்னக் கார்களில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தொடும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. அமுக்கிய காற்று 100 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதனால் இன்டர்கூலர் வழியாகப் போய் ஆறி, அதன் பிறகே என்ஜினுக்குள் நுழைகிறது. இந்த வழி முழுக்க ரப்பர் ஹோஸ்கள், பிளாஸ்டிக் குழாய்கள், அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்கள். உள்ளே சூடு, எண்ணெய்ப் பசை. வெளியே என்ஜினின் அதிர்வு. ஏதோ ஒரு இணைப்பு ஒரு நாள் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும்.

அளவு தெரிந்தால் விஷயம் இன்னும் புரியும். நம் ஊரில் பல கம்பெனிகளின் கார்களில் ஓடிய 1,248 சிசி ஃபியட் டீசல் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாக 'தேசிய என்ஜின்' என்றுகூட அதைச் சொல்வார்கள். 3,000 சுற்றில் அது நிமிடத்துக்குச் சுமார் 1,870 லிட்டர் காற்றை விழுங்கும். டர்போ ஒரு பார் அமுக்கித் தந்தால் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. மலை ஏற ஏற வெளிக்காற்று மெலிந்துகொண்டே போகும். ஊட்டி உயரத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும்போது, வழியில் ஒரு ஓட்டையும் இருந்தால் அதன் பாடு திண்டாட்டம்தான். கசிவை அப்படியே விட்டால், நன்றாக இருந்த டர்போவும் நாளடைவில் உண்மையாகவே போய்விடும்.

ஸ்கேனரை மாட்டினால் பி 0299 என்று ஒரு குறியீடு வரும். எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். எந்த இடத்தில் போகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. அதனால்தான் அந்தக் குறியீட்டைப் பார்த்ததுமே டர்போவுக்கு விலை சொல்லும் பழக்கத்தை நான் வேலையில் சேர்ப்பதில்லை.

ஓடும்போது மட்டும் வரும் கோளாறை, வண்டி நிற்கும்போதே வரவழைத்துக் காட்டுவது: இதுதான் காற்றை ஏற்றிக் கசிவைத் தேடும் பரிசோதனையின் சாமர்த்தியம். கருவி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி எண்டு கேப் ஒன்று. அதில் ஓட்டை போட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வு. ஏர் ஃபில்டருக்கு அப்பால், காற்றை அளக்கும் சென்சாரையும் தாண்டி, டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் இந்த மூடியைச் சொருகி, கிளிப் போட்டு இறுக்குகிறார்கள். கம்ப்ரசரிலிருந்து ரெகுலேட்டர் வழியாகக் காற்றை ஏற்றுகிறார்கள். என்ஜின் அணைந்திருக்கும், ஆறியும் இருக்கும்.

எடுத்ததும் 20 பிஎஸ்ஐ ஏற்றுகிறவரைக் கண்டால் நான் தள்ளி நிற்பேன். வேலை தெரிந்தவர் 5-இல் தொடங்குவார். காது கொடுப்பார். பிறகு 10, அதன் பிறகு 15. அந்த வண்டி வழக்கமாகத் தரும் அழுத்தத்துக்கு மேல் போகவே மாட்டார். மூடிக்கு நேரேயும் நிற்க மாட்டார். 60 மில்லிமீட்டர் மூடியின் மேல் ஒரு பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 29 கிலோ தள்ளுகிறது என்று கணக்கு. கிளிப் நழுவினால் முகத்துக்குத்தான் வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே செய்துவிடுவார். என்ஜின் மூச்சு விடும் ப்ரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால் இந்த ஹோஸில்தான் வந்து சேர்கிறது. அதை அடைக்காமல் காற்றை ஏற்றினால் என்ஜின் அடிவயிறு முழுக்க அழுத்தம் ஏறும். ஆயில் சீலுக்கு ஆபத்து. இதைக் கவனிக்கிறாரா என்பதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.

இனி வேலையெல்லாம் காதுக்கு. வானொலியில் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. பட்டறையில் ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள், பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், கம்ப்ரசர் மோட்டாரையும் கொஞ்ச நேரம் அணைப்பார்கள். அழுத்தமே ஏறவில்லை என்றால் எங்கோ குழாய் மொத்தமாகக் கழன்றிருக்கிறது, தேடக்கூட வேண்டாம். ஏறி, மெல்ல இறங்கினால்தான் வித்தை தேவைப்படும்.

ஏனென்றால், உஸ் என்ற சத்தமெல்லாம் கோளாறு ஆகாது. நாலு சிலிண்டரில் ஏதாவது ஒன்றின் வால்வு கொஞ்சம் திறந்தே நிற்கும். அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். சைலன்சரில் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். புதிதாக வேலை கற்கிறவர் இதைக் கேட்டு மிரண்டுபோவார். பழகியவர் கிராங்க் புல்லியில் ஸ்பேனரைப் போட்டு என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிடுவார். சத்தம் மாறினால், அது வால்வு வழிப் போகிற காற்று, விட்டுவிடலாம். எவ்வளவு சுற்றியும் சைலன்சர் சத்தம் மாறவில்லையா? புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்து மூடாமல் நிற்கிறதோ என்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்பேனரைத் திருப்பி இரண்டு நோயைப் பிரித்துச் சொல்லும் இந்த இடத்தில்தான் இதைக் கலை என்று ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது.

காது திசையைக் காட்டும்; இடத்தைச் சோப்புத் தண்ணீர்தான் காட்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் முக்குகிறார்களே, அந்த வேலைதான். காரை முக்க முடியாது என்பதால் தண்ணீர் காரிடம் வருகிறது. ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் மேலே பார்வைக்குப் புதுசுபோல இருந்தது. கையை அடியில் விட்டுத் தடவிய மெக்கானிக், விரலை எடுத்துக் காட்டினார். எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்பு மை. "தம்பி, அந்த லைட்டக் கொஞ்சம் கீழ புடி" என்றார். "புடிச்சிருக்கேண்ணே" என்றான் பையன். வளைவின் அடிப்பக்கம் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தடவினார். 5 பிஎஸ்ஐயில் ஒன்றுமில்லை. 10-ஐத் தாண்டியதும் மூடியிருந்த கீறல் வாய் திறந்து, நுரையைக் குமிழ் குமிழாக வெளியே தள்ளியது. காற்றை நிறுத்தியதும் கீறல் பழையபடி மூடிக்கொண்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அப்போது அங்கே ஒன்றும் தெரியாது.

அதனால்தான் புகை மெஷின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை. மினரல் ஆயிலைச் சூடாக்கி எழுப்பும் வெள்ளைப் புகையைக் குழாய்க்குள் விடும் கருவி அது. எங்கிருந்து புகை வருகிறதோ அங்கே ஓட்டை; பார்க்க அழகு, வாடிக்கையாளருக்கும் காட்டலாம். கை எட்டாத மூலையில் அதுதான் உதவும். ஆனால் அது பெரும்பாலும் மிகக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கிறது. 10 பிஎஸ்ஐயில்தான் வாய் திறக்கிற கீறல் புகைக்கு வாயைத் திறக்காது.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் கோளாறு இன்னும் குறும்பானது. த்ராட்டிலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஓட்டை விழுந்தால், ஐடிலிங்கில் அங்கே வெற்றிடம். வெளிக்காற்றைத் திருட்டுத்தனமாக உள்ளே இழுக்கும். மிதித்தால் அதே ஓட்டை காற்றை வெளியே தள்ளும். காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியானால், அளந்த காற்று வழியிலேயே போய்விட, அதற்கென்று ஊற்றிய பெட்ரோல் மட்டும் மிஞ்சும். நின்றால் என்ஜின் ஏறி இறங்கும், போனால் கறுப்புப் புகை கக்கும். இரண்டு வியாதி என்று நினைத்து இரண்டு வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு.

ஹோஸை மாற்றுவதிலும் பக்குவம் இருக்கிறது. குழாய் முனையில் இருக்கும் எண்ணெயைத் துடைக்காமல் புதிய ஹோஸைச் சொருகினால் அழுத்தத்தில் வழுக்கிக் கழன்றுவிடும். கிளிப்பை உயிரைக் கொடுத்து முறுக்கினால் பல் தேய்ந்துபோகும், இல்லாவிட்டால் ரப்பரை வெட்டிவிடும். குழாயின் விளிம்பில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அதற்கு உட்பக்கம் உட்கார வேண்டும். பிறகு மறுபடியும் மூடியைப் போட்டு 15 பிஎஸ்ஐ ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கசிவை அடைத்ததும், அதன் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த சின்னக் கசிவு அப்போதுதான் கேட்கும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால், "இன்னொரு தடவை காத்து ஏத்திப் பாருங்களேன்" என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.