பராமரிப்பும் உழைப்பே

(மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்கள் குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



அறிவுசார் குறைபாடுடைய மகனோ மகளோ உள்ள ஒரு வீட்டில் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: ‘எங்கள் காலத்திற்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ மருந்து, பள்ளி, உதவித்தொகை பற்றிய கேள்விகளெல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. பெற்ற தாயின் மனக்குறையாக மட்டுமே இதுநாள்வரை கருதப்பட்டுவரும் இக்கேள்வி, உண்மையில் அரசை நோக்கிக் கேட்கப்படுவதாகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் அறிவுசார் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 15 லட்சம் பேர். ஆட்டிசம் அக்கணக்கெடுப்பில் தனியே எண்ணப்படவில்லை. ஊராரின் வாய்க்கு அஞ்சி உள்ளறையில் வைக்கப்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுக்க வந்தவர் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை.

இவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் விழித்திருந்து காப்பது யார்? 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, குடும்பத்தினரைப் பராமரிப்பதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிடுவதாகக் கூறுகிறது. இது எல்லா வகைப் பராமரிப்புக்குமான சராசரி. கடுமையான பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட இருபது வயது இளைஞனின் தாய்க்கு இந்த நிமிடக் கணக்கு பொருந்தாது. அவர் வயல் வேலைக்கும் போக முடியாது. நூறு நாள் வேலைக்கும் போக முடியாது. ஒரு குடும்பத்தில் ஒரு கூலி இப்படியே நின்றுபோகிறது. நின்றுபோன கூலியை எந்தத் திட்டமும் கணக்கில் கொள்வதில்லை.

இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயதுக்கு உட்பட்டோருக்கு மாதம் 300 ரூபாய். அதாவது நாளொன்றுக்குப் பத்து ரூபாய். 2012க்குப் பின் அத்தொகை உயரவில்லை. அதைப் பெறவும் 80 விழுக்காடு குறைபாடு இருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 40 விழுக்காட்டையே அளவுகோலாக ஏற்றிருக்கிறது. மறுபுறம், வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, மாற்றுத்திறனாளியைப் பராமரிப்போரின் வரிக்குரிய வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், குறைபாடு கடுமையானதாயின் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள இடமளித்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவனின் சுமையை அரசுக்குப் புரிகிறது.

2016ஆம் ஆண்டின் சட்டம் வெறும் கருணைச் சட்டமன்று; போராடிப் பெற்ற சட்டம். அதன் 24ஆவது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கத் திட்டம் வகுக்கவேண்டும் என்கிறது. ஏனையோர்க்கான அதே வகைத் திட்டங்களைவிட உதவித்தொகை 25 விழுக்காடாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் அப்பிரிவின் தொடக்கத்திலேயே, அரசின் பொருளாதாரத் திறன், வளர்ச்சி ஆகியவற்றின் வரம்புக்குள் என்றொரு தொடர் செருகப்பட்டிருக்கிறது. பெருமுதலாளிகளுக்கு வரி குறைக்கும்போது இந்த வரம்பு எவர் நினைவுக்கும் வருவதில்லை.

பதினெட்டு வயது நிறைவது மற்ற வீடுகளில் மகிழ்ச்சிக்குரிய நாள். இவ்வீடுகளில் அன்றோடு பள்ளிக் கதவு அடைபடுகிறது. பெற்றோர் என்ற உறவும் சட்டத்தின் முன் போதாமற் போகிறது. வங்கிக் கணக்கிற்கும் சொத்துக்கும் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று கேட்கிறார்கள். இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘காப்பாளர்’ என்போர் சட்டம் அறிந்தவர். ‘பராமரிப்பாளர்’ சட்டத்தின் ஓரத்தில் நிற்பவர். இரவெல்லாம் விழித்திருக்கும் தாயோ பாட்டியோ பெரும்பாலும் இரண்டாவது வகை.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்கென இயற்றப்பட்டது. ஒருமுறை 100 கோடி ரூபாய் மூலநிதி தருவதென்று அச்சட்டம் வகுத்தது. ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது, அது பயனுள்ளதே. பெற்றோர் சில நாள் ஓய்வெடுக்கவும், பெற்றோருக்குப் பின் தங்கவும் வகைசெய்யும் ‘சமர்த்’, ‘கரோண்டா’ இல்லங்களோ பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களையே நம்பியிருக்கின்றன. தொண்டு நிறுவனம் இல்லாத மாவட்டத்தில் இல்லமும் இல்லை.

கேரளம் வேறொரு வழியைக் காட்டியது. 2004இல் வெங்ஙானூர் ஊராட்சியில் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. ஊராட்சியும் குடும்பஸ்ரீ பெண்களும் சேர்ந்து அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கு நடத்தும் பள்ளி அது. குழந்தை பகலில் அங்கே இருந்தால் தாய் வேலைக்குப் போகலாம். ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் பராமரிப்பாளருக்கே நேரடியாக மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. தொகை சிறிது, கோட்பாடு பெரிது. குறையையும் சொல்லியாக வேண்டும். காசர்கோட்டில் அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளித்த எண்டோசல்பானால் பாதிக்கப்பட்டோர்க்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் ஆணையிட்டது. ஆயினும் 2022இல் அதே நீதிமன்றம் மாநில அரசைக் கண்டிக்க நேர்ந்தது. நட்புக்குரிய அரசாயினும் தாய்மார்கள் தெருவில் அமர்ந்தே கேட்க வேண்டியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒன்றிய அரசின் பெண் ஊழியர்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாட்கள் உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் தாய்மார்க்கு அத்தகைய விடுப்பை மறுப்பது அரசியலமைப்பின் கடமையை மீறுவதாகும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. பீடி சுற்றுபவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் விடுப்பு என்ற சொல்லே இல்லை. அவர்களுக்குத் தேவை பகல்நேர மையம், வீடு தேடி வரும் பயிற்சியாளர், பராமரிப்புக்கு ஊதியம். அந்த வேலையையும் அங்கன்வாடி ஊழியர்மீது கூலியின்றிச் சுமத்திவிடக் கூடாது என்பதில் தொழிற்சங்கத் தோழர்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காப்பாளர் சான்று வழங்கும் உள்ளூர் நிலைக் குழு, ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்டது. மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது அது கூடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு மாவட்டக் குழுவும் ஆட்சியர் அலுவலகத்திற்கு மனு எழுதி, அக்குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, எத்தனை விண்ணப்பங்கள் நிலுவையில் உள்ளன என்று கேட்கட்டும். மனு கொடுக்கும் நாளில் அந்தக் குடும்பங்களும் உடன் வரட்டும். வருவோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கிளைத் தோழர்கள் முன்னதாகவே ஏற்பாடு செய்யட்டும்.