வயிற்றின் உள்வடு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் நகையாடுவதுண்டு. கடல் கடந்து சென்னை சேர்வோர், அங்கிருந்து ஏறும் வண்டிக்குச் சீட்டுப் பதிவு செய்வதே எம் வேலை. காட்பாடிக்குச் சீட்டுக் கேட்போருள் நோயாளிகள் பலர். "ஆபரேஷன் முடிந்து ஆண்டுகள் ஆயின, வலி மட்டும் போகவில்லை" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். எம் துணைவியாரும் அதையே சொன்னார். "எல்லாம் மனப்பிரமை" என்றார் ஒரு மருத்துவர். நாமும் நம்பிவிட்டோம். அத்தவற்றுக்குக் கழுவாயாகவே, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாம், அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கின்றோம்.

வயிற்றின் உட்புறத்தையும் குடலையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கின்றது. அதன் வழவழப்பினாலேயே குடல் தடையின்றி அசைகின்றது. கத்தி பட்டோ, கிருமி தாக்கியோ அச்சவ்வு புண்பட்டால், ஃபைப்ரின் என்னும் பசை ஊறிப் புண்ணை மூடும். சில நாட்களில் உடலே அப்பசையைக் கரைத்துவிடும். கரையாது எஞ்சினாலோ, அதனுள் நார்த்திசு வளர்ந்து, குடலைக் குடலோடும் வயிற்றுச் சுவரோடும் பிணைக்கும் கயிறாகிவிடும். இதையே மருத்துவர் 'அட்ஹீஷன்' என்பர். நாம் 'ஒட்டு' எனலாம். வயிற்றுக் காசநோயினாலும் இது நேர்வதுண்டு.

முன்பே வயிற்றில் அறுவை கண்ட 210 பேரை மீண்டும் திறந்து பார்த்தபோது, 93 விழுக்காட்டினரிடம் ஒட்டு இருந்ததென 1990 இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு கூறிற்று. ஆனால் ஒட்டு உடையோர் எல்லோருக்கும் வலி இல்லை. சாதாரண ஸ்கேன் படத்திலும் அது பெரும்பாலும் தெரிவதில்லை. படத்தில் தெரியாதது பொய் என்று சொல்லலாகுமா? ஒட்டுகளுக்குள் நரம்பிழைகள் ஓடுவதை 2001 இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கின்றது.

அப்படியாயின் ஒட்டை அறுத்துவிட்டால் தீராதா? நெதர்லாந்து மருத்துவர்கள் இதைச் சோதித்து, 2003 இல் முடிவை வெளியிட்டனர். நாட்பட்ட வலியுடைய 100 பேருக்குச் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியால் வயிற்றினுள் நோக்கினர். 52 பேருக்கு ஒட்டை அறுத்தனர். 48 பேருக்குப் பார்த்ததோடு நிறுத்தினர். யாருக்கு எது செய்தது என்பதை நோயாளிகளிடம் கூறவில்லை. ஓராண்டு கழித்து இரு சாராருக்கும் வலி குறைந்திருந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதோ, அறுக்கப்பட்டோர் நிலையே பின்தங்கியிருந்தது. அறுத்த இடமும் ஒரு புண். புண்ணிலிருந்து மீண்டும் ஒட்டு வளரலாம்.

ஆகவே, வலிக்காக மறு அறுவை என்றால் இரண்டாவது மருத்துவர் ஒருவரையும் கேளுங்கள். வேறு காரணம் உண்டா என்று ஆராயச் சொல்லுங்கள். பழைய அறுவைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வயிற்றினுள் என்ன செய்யப்பட்டது என்பதை அறிய அவை பெரிதும் உதவும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒட்டு குடலை நெரித்து அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. விட்டுவிட்டு முறுக்கும் வலி, ஓயாத வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் பிரியாமை ஆகியவை அதன் அறிகுறிகள். டிக்லிப்பூரில் இருப்பினும் காம்ப்பெல் விரிகுடாவில் இருப்பினும், சென்னைக் கப்பலுக்காகக் காத்திராமல் உடனே அண்மையிலுள்ள மருத்துவமனையை அடையுங்கள். அங்கிருந்து, 2024 வரை போர்ட் பிளேர் எனப் பெயர் கொண்டிருந்த ஸ்ரீ விஜயபுரத்தின் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வர். அந்நிலையில் கத்தியே உயிரைக் காக்க நேரலாம்.

எம் துணைவியாருக்கு வலி முற்றும் நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டோம். மருந்தும், சிறு உணவும், சற்று நடையும் அதைத் தாங்கும் அளவில் வைத்திருக்கின்றன. "வலிக்கிறது" என்று அவர் சொன்னால் இப்பொழுது நாம் ஏட்டை மூடிவிட்டு அருகில் அமர்கின்றோம். உங்கள் இல்லத்திலும் யாரேனும் அப்படிச் சொன்னால், முதலில் நம்புங்கள் என்று வேண்டி விடைபெறுகின்றோம்.