நிறுவனங்களை உருவாக்குவது யார்?



ஒரு நாடு செல்வத்தில் திளைப்பதற்கும் மற்றொரு நாடு வறுமையில் உழல்வதற்கும் அரசியல், பொருளாதார நிறுவனங்களே முதன்மைக் காரணம் என்பதை ஆராய்ந்தமைக்காக, டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய மூவருக்கும் 2024ஆம் ஆண்டுக்கான பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது. தட்பவெப்பத்தையும் மக்களின் சோம்பலையும் காரணம் காட்டிய பழைய வாதங்களைவிட இது முன்னேறிய கருத்தே. ஆயினும் அடிப்படைக் கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்நிறுவனங்களை உருவாக்குவது எந்த வர்க்கம்?

வங்கத்தின் வரலாறு இதற்கு விடை கூறும். 1765இல் வங்கத்தின் வரிவசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1770ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோதும் வசூல் நிற்கவில்லை. 1793இல் காரன்வாலிஸ் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகை வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு கம்பெனிக்கு, எஞ்சியது ஜமீன்தாருக்கு. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் செலுத்தத் தவறினால் ஜமீன் ஏலத்திற்கு வரும். கம்பெனிக்குரிய தொகை நிலையானது. உழவரிடம் கறக்கும் தொகைக்கோ வரம்பில்லை. எனவே நிலத்தில் முதலிடுவதைக் காட்டிலும் உழவரைப் பிழிவதே ஆதாயமாயிற்று. ஜமீன்தாரி முறை நிலவிய மாவட்டங்கள் விடுதலைக்குப் பின்னரும் வேளாண் முதலீட்டிலும் விளைச்சலிலும் பின்தங்கியிருந்ததை அபிஜித் பானர்ஜி, லட்சுமி அய்யர் ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது.

அதே மண்ணில்தான் 1946இல் கிசான் சபாவின் தலைமையில் தேபாகா போராட்டம் வெடித்தது. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு வாரச் சாகுபடியாளருக்கே என்பது அதன் முழக்கம். பின்னாளில் சட்டங்கள் வந்தன. இடுபொருள் செலவைச் சாகுபடியாளர் ஏற்றால் 75 சதவீதம் அவருக்கே என்று 1971இன் திருத்தம் கூறியது. ஆனால் சட்டம் ஏட்டிலேயே உறங்கியது. பெயரைப் பதியச் சொன்னால் நிலத்தை விட்டு வெளியேற்றப்படுவோம் என்ற அச்சமே காரணம்.

1977இல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தபின் நிலைமை மாறியது. 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவில் அதிகாரிகள் கிராமங்களுக்கே சென்று முகாமிட்டனர். விவசாய சங்கம் சாகுபடியாளருக்குத் துணை நின்றது. 14 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிவு பெற்றனர். விளைச்சல் உயர்வில் இதற்கும் பங்குண்டு என்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. சட்டம் பழையதே. அதன் பின்னே நின்ற வர்க்க பலமே புதியது.

பாதுகாப்பான குத்தகை மட்டுமே வறுமையை ஒழித்துவிடாது. கடனும் பாசனமும் நியாய விலையும் வேண்டும். எனினும் பெயரே ஏட்டில் இல்லாதவருக்கு இவற்றில் எது கிட்டும்? ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் கிசான் திட்டம் நிலவுடைமைக் குடும்பங்களுக்கே உரியது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் அதற்கு வெளியே நிற்கிறார்.

ஒவ்வொரு கிளையும் தன் கிராமத்தின் வாய்மொழிக் குத்தகைதாரர்களைக் கணக்கெடுக்கட்டும். அவர்களைச் சங்கத்தில் திரட்டட்டும். அச்சம் நீங்கிய உழவரே ஏட்டில் உறங்கும் சட்டத்தை வயலுக்குக் கொண்டுவருவார்.